சபிக்கப்பட்ட வெற்றி

இரண்டு மந்திரிகளுக்கு எதிரே ஒற்றைக் குதிரை நின்றால் ஆட்டம் சமன் என்று இந்த உலகம் நூறு வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தது. தவறு. முழுத் தவறு. பேரரசுகள் எழுந்தன, விழுந்தன. மனிதன் நிலாவில் கால் வைத்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டான். இந்தத் தவறை மட்டும் யாரும் திருத்தவில்லை. கடைசியில் கணிப்பொறி வந்துதான் திருத்த வேண்டியிருந்தது.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த மஞ்சள் பையில் தேங்காய் இருக்கிறது, வண்டி திரும்பும்போது உருளும். ஒன்று கேட்க வேண்டும். இந்த வண்டி கோவில்பட்டியில் சாப்பாட்டுக்கு நிற்கும் அல்லவா? நிற்காதா? டீக்கு மட்டுமா? சரி, இருக்கட்டும்.

நீங்கள் செஸ் ஆடுவீர்களா? ஆடமாட்டீர்கள். நல்லது. நானும் ஆடுவதில்லை. ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியும், அவ்வளவுதான். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கணிப்பொறி சொல்லிக்கொடுக்கிறேன். நானும் ஆவுடையப்பன் என்று ஒரு நண்பரும் சேர்ந்து செஸ் ஆடுகிற புரோகிராம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதிக்கொண்டிருந்தோம். அதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பெயர் வைத்தது அவர். யாரை மனதில் வைத்துக்கொண்டு வைத்தார் என்று நான் கேட்டதில்லை.

ஆவுடையப்பன் மின்சார வாரியத்தில் இருக்கிறார். நன்றாக ஆடுவார். எந்தக் காய் எங்கே நின்றால் பலம், எப்போது துணிய வேண்டும், எப்போது பதுங்க வேண்டும் என்று சட்டாம்பிள்ளைக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். நான் செய்தது வேறு வேலை. அட்டவணையைச் சேர்த்தேன்.

அட்டவணை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. காய்கள் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு பலகையில் ஐந்து, ஆறு, மிஞ்சினால் ஏழு என்று ஆகிவிடுகிறது இல்லையா? அந்தக் கட்டத்தில் வரக்கூடிய ஒவ்வொரு நிலையையும் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். ராஜா மாட்டிக்கொண்ட கடைசி நிலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் பின்னோக்கிப் போய், இது வெற்றி, இது தோல்வி, இது சமன் என்று எழுதி வைத்தாயிற்று. அங்கே வந்து சேர்ந்த புரோகிராம் யோசிக்க வேண்டியதில்லை. பார்த்தால் போதும். கருத்து இல்லை, அபிப்பிராயம் இல்லை, விவாதம் இல்லை. இவ்வளவு சுத்தமான பொருள் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆவுடையப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அட்டவணையோடும் இல்லாமலும் ஓடவிட்டுப் பார்த்தோம். வித்தியாசம் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவுதான். ஹார்டு டிஸ்கைத் துழாவி அட்டவணையைப் பார்ப்பதற்குள் சில சமயம் சட்டாம்பிள்ளைக்கு நேரமே தீர்ந்துபோனது. அதைவிட ஒன்று. சமன் என்று அட்டவணை சொல்லிவிட்டால் எல்லா நகர்வும் அவனுக்கு ஒன்றுதான். எதிராளியைத் திணறடிக்க வேண்டிய இடத்தில், மாலை நடை போகிறவரைப்போல ராஜாவை அங்கும் இங்கும் உலாத்த விடுவான்.

"பாத்தீராவே," என்பார் ஆவுடையப்பன். "உம்ம டேபிள உள்ள விட்டதுலேர்ந்து பய முயற்சி பண்ணுறதையே நிறுத்திட்டான். 'இது சமன்'னு அவன் காதுல யாரோ சொல்லிப்புட்டாங்க. சொல்லாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பான்."

"சொன்னது உண்மைதானே?" என்பேன்.

"உண்மைதான். எதிராளிக்குத் தெரியுமாவே அது?"

உண்மைக்கும் எதிராளிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்பேன். என் மனைவி இட்லியைக் கொண்டுவந்து வைத்து, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்பாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் போகும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவரும் நானும் சண்டைக்காரர்கள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு போட்டி நடந்தது. கடைசிச் சுற்றில் ஆவுடையப்பனுக்கு எதிரே உட்கார்ந்தவர் சென்னையிலிருந்து வந்தவர், பட்டமெல்லாம் வாங்கியவர். எல்லாரும் ஆவுடையப்பன் சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தார்கள். அவர் சாயங்காலம்வரை அசையவில்லை. கடைசியில் அவரிடம் ராஜாவும் இரண்டு மந்திரிகளும், எதிரே ராஜாவும் ஒரு குதிரையும். அந்தக் குதிரையை வெகுநேரம் துரத்திப் பார்த்துவிட்டு, சமன் என்று இவரே கை நீட்டினார். அந்தச் சென்னைக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார். எழுந்து நின்று! அப்படி ஒரு ஆளோடு சமன் செய்தவர் எங்கள் செஸ் மன்றத்தில் வேறு யாரும் இல்லை.

மன்றத்தின் ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மனைவி செண்பகம் வந்திருந்தாள். மகள் வடிவுக்கு அப்போதுதான் மதுரையில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. சம்பந்தி கூடலிங்கம், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், குடும்பத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னை வாழ்த்துரை வழங்கச் சொன்னார்கள். வாழ்த்துரை என்றால் என்ன செய்வார்கள், உங்களுக்கே தெரியும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் பொய் சொல்வார்கள். நான் புரொஜெக்டர் கொண்டுபோனேன்.

அவர் கை நீட்டினாரே, அந்த நிலையைத் திரையில் போட்டேன். அட்டவணையைத் திறந்தேன். "இது சமன் அல்ல. வெற்றி. நமது ஆவுடையப்பன் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம்," என்றேன். என்னென்ன நகர்வுகள் என்றும் ஓட்டிக் காட்டினேன்.

கூடலிங்கம் உரத்த குரல்காரர். "அப்போ நம்ம சம்பந்தி கோட்டை விட்டுட்டாருன்னு சொல்லுங்க!" என்றார்.

கூட்டம் சிரித்தது. நான் திருத்தினேன். "கோட்டை அப்போது பலகையிலேயே இல்லை. இரண்டு மந்திரிகள் மட்டும்தான்," என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. என் பேச்சுக்கு அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை. ஆவுடையப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பொன்னாடையை எடுத்து மடித்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், இன்னும் மடித்து மடித்துக் கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். துணி மடிப்பதில் அவருக்கு அவ்வளவு திறமை உண்டு என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. ஃபோன் செய்தால் செண்பகம்தான் எடுப்பாள். "அவங்க வெளிய போயிருக்காங்க அண்ணாச்சி," என்பாள். பின்னால் அவர் இருமுவது கேட்கும். வெளியே கிளம்புகிற அவசரத்தில் இருமியிருப்பார். ஆட்டக் கடிகாரத்தை மன்றத்துக்கே கொடுத்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். கல்யாண வேலை, வேறென்ன? அவர் இல்லாமல் சட்டாம்பிள்ளையை என்னால் ஒரு அடி நகர்த்த முடியவில்லை. எனக்கு எழுதத் தெரியும், சார். யோசிக்கக் கற்றுக்கொடுக்கத் தெரியாது. இட்லி வைக்கும்போது என் மனைவி இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லுவதற்கு எங்கே ஆள் இருக்கிறது? ஒருத்தன் தனியாக எப்படி வாயை மூடாமல் இருப்பான்?

கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. காலம் அப்படி ஆகிவிட்டது. என் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீடு பூட்டியிருந்திருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். வீட்டில் அன்று நான் இருந்தேன், ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அட்டவணைகளில் இரண்டு வகை உண்டு. நான் வைத்திருந்தது பழைய வகை. சும்மா இருக்கிறோமே என்று புதிய வகையை இறக்கி, அதே நிலையைக் கொடுத்துப் பார்த்தேன். வெற்றி என்று வரவில்லை. சபிக்கப்பட்ட வெற்றி என்று வந்தது.

செஸ்ஸில் ஒரு விதி இருக்கிறது. ஒரு காயும் வெட்டுப்படாமல், ஒரு சிப்பாயும் அசையாமல் ஐம்பது நகர்வு போய்விட்டால் எதிராளி சமன் கேட்கலாம். ஆவுடையப்பனின் நிலையில் அந்தக் குதிரையைப் பிடிக்க ஐம்பத்தெட்டு நகர்வு வேண்டும். எதிராளி தப்பே செய்யாவிட்டால். ஆகவே வெற்றி இருக்கிறது, ஆனால் கைக்கு வராது. அதற்குத்தான் அந்தப் பெயர். என் பழைய அட்டவணை இந்த விதியைக் கண்டுகொள்ளாது. எனக்கும் அது தோன்றவில்லை. அதாவது, நான் அவ்வளவு பேர் முன்னால், புரொஜெக்டர் போட்டு, சொன்னது தவறு.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கரும்பலகையில் ஒரு குறி மாறிப்போனால் மறுநாள் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறவன் நான். ராத்திரி படுத்தால் அந்தச் சிரிப்பு கேட்கும். அவ்வளவு பெரிய சிரிப்பு, ஒரு தவறான தகவலுக்கு. தகவல் தவறு என்பதால்தான் கூசியது என்று நினைக்கிறேன். வேறு எதற்குக் கூச வேண்டும்?

ஆனால் சந்தோஷமும் இருந்தது, மறைக்கமாட்டேன். ஆவுடையப்பன் எதையும் கோட்டை விடவில்லை என்று இப்போது நிரூபணமாகிவிட்டது அல்லவா? இதைச் சொன்னால் திரும்பி வந்துவிடுவார். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். சபையில் செய்த தவறைச் சபையில்தான் திருத்த வேண்டும். தனியாகச் சொன்னால் அது திருத்தம் அல்ல, சமாதானம். அந்தக் கூட்டம், அந்தச் சம்பந்தி, அந்த மன்றத்து ஆட்கள் எல்லாரும் மறுபடி ஒரே இடத்தில் கூடுகிற நாள் ஒன்றுதான் இருந்தது. "நான் வரல," என்றாள் அவள். தலைவலி என்றாள்.

இன்று காலை மதுரையில் முகூர்த்தம். தாலி கட்டியாயிற்று. மேடையில் வரிசையாக ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒருத்தர் மைக்கை வைத்துக்கொண்டு, "ரெண்டாவது பந்தி ரெடி, சாப்பிடாதவங்க மாடிக்கு வாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து மைக்கை வாங்கினேன். வாழ்த்துப் பா படிக்கப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சந்தோஷமாகக் கொடுத்தார்.

ஒரு தாளில் எழுதியே கொண்டுபோயிருந்தேன். "மணமகளின் தந்தை ஜெயித்திருக்க முடியாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்," என்று தொடங்கினேன். தெளிவான வாக்கியம். மண்டபம் அமைதியாகிவிட்டது. நல்ல அறிகுறி என்று நினைத்து மேலே போனேன். "அன்று நான் கூறியது வெற்றி அல்ல. அது சபிக்கப்பட்ட வெற்றி."

மேடையில் கூடலிங்கத்தின் அக்கா ஒரு அம்மாள், கையில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். "யாருடா அது, எம்புள்ள கல்யாணத்துல சாபம் விடுறது?" என்றார்.

ஆங்கிலத்தில் அதற்கு அப்படித்தான் பெயர், சார். தமிழாக்கியது நான். 'எட்டாத வெற்றி' என்று போட்டிருக்கலாம். 'காலம் கடந்த வெற்றி' என்றும் போட்டிருக்கலாம். மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததும் உடனே விளக்கம் கொடுத்தேன். "பயப்பட வேண்டாம். சபிக்கப்பட்டது வெற்றிதான். மணமக்கள் அல்ல."

அந்த வாக்கியத்தில் மணமக்கள் என்ற சொல் வந்திருக்க வேண்டியதில்லை. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வந்திருக்க வேண்டியதில்லை.

கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? மகிழ்ச்சிக்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தவறு. தும்மலோ அழுகையோ அபசகுனமான பேச்சோ மணமக்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்கு. கூடலிங்கம் விரலை உயர்த்தி ஆட்டினார். இரண்டு தவிலும் ஒரே நேரத்தில் இறங்கின. நாயனக்காரர் தம் பிடித்து ஊதினார். அவ்வளவு பக்கத்தில் கெட்டிமேளத்தை நான் கேட்டதில்லை. அது எனக்காக அடிக்கப்படுகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திருத்தத்தைப் பாதியில் நிறுத்தினால் தவறு இரண்டாகிவிடும். அதனால் தாளைக் கடைசி வரிவரை படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முடிக்கும்போது மைக் என் கையில் இருந்ததா, அதையாவது வாங்கிவிட்டார்களா என்றுகூட நினைவில்லை. காது இரண்டும் நெருப்பாக எரிந்தது. மேளத்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவுடையப்பன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பட்டு வேட்டி, மாலை. என் தோளில் கைபோட்டு மாடிப்படி ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். பார்த்தவர்கள் இரண்டு பேரும் அன்னியோன்யமாகப் பேசுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"புரபசரே," என்றார். "இன்னும் எத்தன பேர்ட்ட சொல்லணும்வே உமக்கு?"

"தவறு என்னுடையது," என்றேன். "நீர் ஜெயித்திருக்கவே முடியாது. அதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டாமா?"

"ஜெயிச்சிருக்க முடியுமா முடியாதான்னு நான் உம்மகிட்ட கேட்டேனாவே?"

கேட்கவில்லை. அது உண்மை. நான் அதை ஒப்புக்கொண்டேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து செண்பகத்துட்ட சொன்னேன், சமன் பண்ணிட்டேன் பிள்ளன்னு. அவ பாயசம் வச்சா. வடிவு அந்த ஆளு எந்திரிச்சு கைகுடுத்தத நாலுவாட்டி சொல்லச் சொல்லிக் கேட்டா. அந்த ஆட்டம் அதோட முடிஞ்சுதுவே. நீரு வந்து அதத் தொறந்து, நான் தோத்துட்டேன்னீரு. இன்னைக்கு மறுபடியும் தொறந்து..." மேடையைப் பார்த்தார்.

"தோற்றீர் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை," என்றேன். "வெல்லவில்லை என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பதில் இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. பெண்ணைக் கொடுக்கிற நாள், கலங்கத்தான் செய்யும். அதனால்தான் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். சொல்லச் சொல்ல அது அதனால் இல்லை என்று தெரிந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, சார். அவர் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை வருவீரா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்கத் தெரிந்தது. "சட்டாம்பிள்ளை அப்படியே கிடக்கிறான்."

"அவன் நல்லா யோசிக்கிற பயவே," என்றார். "அவன யோசிக்க விடும்."

படம் எடுக்க யாரோ கூப்பிட்டார்கள். மாலையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இதற்கு என்ன அர்த்தம் சொல்வீர்கள்? அட்டவணையை எடுத்துவிடச் சொல்கிறார், அப்படித்தானே? அதற்கு என்ன, எடுத்துவிடலாம். இரண்டு வரியை அழித்தால் போகிறது. எடுத்தால் வருவார் என்று அர்த்தமா? அப்படி அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மன்னியும் என்று ஒரு சொல்லை நான் அவரிடம் சொன்னேனா என்று பஸ் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தாளில் இருந்தது. கடைசி வரியில். அது கெட்டிமேளத்தில் போய்விட்டது.

அப்புறம் நான் மாடிப்படியின் கீழேயே நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்த பந்தியில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன். மேலேயிருந்து சாம்பார் வாசனை வந்தது. செண்பகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். புதுப் புடவை, வியர்த்த முகம், கையில் இந்த மஞ்சள் பை.

"பாத்துப் போயிட்டு வாங்க அண்ணாச்சி," என்று தாம்பூலத்தை என் கையில் கொடுத்தாள். மாடியில் மூன்றாவது பந்திக்கு அப்போதுதான் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.